‘அத்தான்’ எப்போது ‘அத்தாந்த்’ ஆகிறது? பிரெஞ்சு சப்ஜங்டிவ் விளங்கவில்லை, உதவி வேண்டும்

மாங்குளத்துப் பிள்ளை

எல்லாருக்கும் வணக்கம். மாங்குளத்துக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். இவர் பிரான்ஸில், நான் இங்கே. ஏ2 என்ற மொழித் தரம் வரைக்கும் ஒரு மாதிரி வந்துவிட்டேன், எல்லாம் போனில்தான், கிழமையில் இரண்டு நாள் ஒன்லைன் வகுப்பு. போன கிழமை ரீச்சர் சப்ஜங்டிவ் என்ற வினை வடிவத்தைத் தொடங்கினா. அன்றைக்கு நல்ல மழை, சிக்னல் விட்டு விட்டு வந்தது, அவ சொன்னதில் பாதி என்னிடம் வந்து சேரவில்லை, அட்டவணை மட்டும் வட்ஸ்அப்பில் கிடக்கிறது. மூன்று வகை வினை, வகைக்கு ஆறு வடிவம், மொத்தம் பதினெட்டு.

பாடமாக்கிப் பார்த்தேன். “இல் ஃபினி” என்றால் அவர் முடிக்கிறார், அது சப்ஜங்டிவில் “கில் ஃபினிஸ்” ஆகிறது (‘கெ’யும் ‘இல்’லும் சேர்ந்து ‘கில்’). “இல் அத்தான்” என்றால் அவர் காத்திருக்கிறார், அது “கில் அத்தாந்த்” ஆகிறது. ஆனால் “இல் பார்ல்”, அவர் கதைக்கிறார், அது மட்டும் “கில் பார்ல்” என்று அப்படியே நிற்கிறது. ஒழுங்கான வினைகள் என்று சொல்லிவிட்டு ஒன்று வால் முளைக்கிறது, மற்றது சும்மா நிற்கிறது என்றால் நான் எதைப் பிடிப்பது? இதை எந்த இடத்தில் போடுவது என்பதும் விளங்கவில்லை. யாராவது தமிழில் சொல்லித் தாருங்கள்.

கொப்பிக்காரி

தங்கச்சி, அந்த அட்டவணையை இன்றைக்கு மூடி வையுங்கோ. நான் வவுனியாவில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக் கொடுக்கிறேன், அடுத்த தரமான பி1 சோதனையும் எடுத்தவள், பதினெட்டையும் நான் ஒரு நாளும் பாடமாக்கியதில்லை.

உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு வடிவம் போதும். நிகழ்காலத்தில் ‘அவர்கள்’ வடிவத்தை எடுங்கோ. அதன் கடைசியில் ஈ-என்-டி (ent) என்று மூன்று எழுத்து இருக்கும், கண்ணுக்குத் தெரியும், வாயில் வராது. அந்த மூன்றையும் வெட்டினால் மிஞ்சுவதுதான் அடி. சப்ஜங்டிவ் முழுக்க அந்த அடியில்தான் கட்டுவது.

அவர்கள் கதைக்கிறார்கள்: “இல் பார்ல்”. அடி பார்ல்.
அவர்கள் முடிக்கிறார்கள்: “இல் ஃபினிஸ்”. அடி ஃபினிஸ்.
அவர்கள் காத்திருக்கிறார்கள்: “இல்ஸ் அத்தாந்த்”. அடி அத்தாந்த்.

இப்போது உங்கள் கேள்விக்கு வாருங்கோ. ஒருவர் காத்திருக்கும்போது “அத்தான்”. எழுத்தில் கடைசியில் டி (d) இருக்கிறது, ஆனால் ஊமை. பல பேர் காத்திருக்கும்போது அந்த டிக்குப் பின்னால் ஈ-என்-டி வருவதால் அது வாய் திறக்கிறது, “அத்தாந்த்”. சப்ஜங்டிவ் பல பேரின் அடியை எடுத்துக்கொண்டு வருவதால் ஒருவருக்குச் சொன்னாலும் அந்த ஒலி கூடவே வரும். “ஃபினி, ஃபினிஸ்” நடப்பதும் இதேதான், அங்கே விழிப்பது ‘ஸ்’. பார்லே வகையில் ஒருவருக்கும் பல பேருக்கும் நிகழ்காலத்திலேயே ஒரே ஒலி, அதனால் காதுக்கு ஒரு மாற்றமும் தெரியாது. வால் புதிதாக முளைக்கவில்லை தங்கச்சி, ‘அவர்கள்’ வடிவத்தில் எப்போதும் இருந்தது.

முடிவுகள் மூன்று வகைக்கும் ஒன்றுதான். நான் என்றால் ஈ, நீ என்றால் ஈ-எஸ், அவர் என்றால் ஈ, நாங்கள் என்றால் ஐ-ஓ-என்-எஸ், நீங்கள் என்றால் ஐ-ஈ-இசட், அவர்கள் என்றால் மறுபடி ஈ-என்-டி. இதில் நான், நீ, அவர், அவர்கள் நாலும் வாயில் ஒரே மாதிரி. வாசித்துப் பாருங்கோ:

கெ ஜெ ஃபினிஸ்
கெ த்யு ஃபினிஸ்
கில் ஃபினிஸ்
கெ நூ ஃபினிசியோன்
கெ வூ ஃபினிசியே
கில் ஃபினிஸ்

வாய்க்கு மூன்று ஒலிதான். ‘யோன்’ என்று எழுதுகிறேனே தவிர அந்த ‘ன்’ நாக்கில் படக்கூடாது, மூக்கால் போக வேண்டும்.

எழுதும்போது ஒரு கவனம். ‘அவர்’ வடிவத்துக்கு நிகழ்காலப் பழக்கத்தில் கை தானாக டி (t) போடும். ஒழுங்கான வினையில் அங்கே ஈ மட்டும்தான். என் பிள்ளைகளின் கொப்பியில் நான் சிவப்புப் பேனையால் கூடுதலாக வெட்டுவது அந்த ஒரு எழுத்தைத்தான்.

முத்தையன்கட்டுத் தம்பி

அக்கா நான் ஏ.எல்.லுக்குப் பிரெஞ்சு எடுக்கலாம் என்று யோசிக்கிறேன். ‘அத்தாந்த்’ என்று த போட்டு எழுதுகிறீர்கள், எழுத்தில் அது டி தானே, ‘அட்டான்ட்’ என்று சொல்லக் கூடாதா?

லாஷப்பல்காரன்

தம்பி, சொல்லக் கூடாது. இங்கிலீஷ் டி நாக்கை மேலே வைப்பது, அது எங்கள் ட மாதிரி. பிரெஞ்சு டி பல்லில் நாக்கு படுவது, அது எங்கள் த தான். ‘தம்பி’ என்று சொல்லும்போது நாக்கு எங்கே படுகிறதோ அங்கே வை. எழுத்தைப் பார்த்து இங்கிலீஷ் மாதிரி வாசிக்காமல் தமிழ் வாயால் சொன்னால் அவர்களுக்கு உடனே விளங்கும்.

நான் பரந்தன் ஊர்க்காரன். பரிஸ் வந்து இருபது வருசத்துக்கு மேல், இப்போது லீவில் ஊரில் நிற்கிறேன். வகுப்புக்குப் போய்ப் படித்தவன் இல்லை, குசினியில் படித்தவன். முதல் வேலை ‘ப்ளோன்ஜ்’, கோப்பை கழுவுகிற வேலைக்கு அங்கே எங்கள் ஆட்கள் எல்லாரும் அந்தப் பேர்தான் சொல்வார்கள். பெரிய தொட்டி, முழங்கை வரைக்கும் சுடுதண்ணி, பக்கத்தில் சட்டி பானை மலை மாதிரி. பின்னால் நின்று முதலாளி சொல்வார், “இல் ஃபோ கெ த்யு ஃபினிஸ் அவான் மிதி”. மத்தியானத்துக்கு முதல் நீ முடிக்க வேண்டும். அந்த ‘ஃபினிஸ்’ எனக்குப் புத்தகத்தில் வரவில்லை, தண்ணிச் சத்தத்துக்கு மேலால் ஒரு நாளைக்கு நாலு தரம் வந்தது. இல்லாவிட்டால் நான் “த்யு ஃபினி” என்றுதான் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

ஆனால் ‘அத்தான், அத்தாந்த்’ வித்தியாசம் பிடிபட எனக்குப் பல வருசம் எடுத்தது, அதற்கு விலையும் கொடுத்தேன். எங்கள் ஊர்ப் பொடியன் ஒருவனுக்கு மொழிபெயர்க்க ஒரு கந்தோருக்குப் போனேன். எந்தக் கந்தோர் என்று சொல்லத் தேவையில்லை. யன்னலில் இருந்த அம்மா என்னைப் பார்த்து “தித் லுயி கில் அத்தாந்த்” என்றா. அவனைக் காத்திருக்கச் சொல்லுங்கோ என்பதுதான் அர்த்தம். என் காதில் விழுந்தது ‘கில் அத்தான்’ என்று. உள்ளே அதிகாரி காத்திருக்கிறார், அதை அவனிடம் சொல்லுங்கோ என்று விளங்கிக்கொண்டு, “போடா உள்ளுக்கு, பார்த்துக்கொண்டு இருக்கினம்” என்று அனுப்பிவிட்டேன். அவன் கதவைத் திறந்து உள்ளே போக, வெளியே அனுப்பினார்கள், வரிசையும் போய்விட்டது, அன்றைய நாளும் போய்விட்டது. புதிதாக நாள் எடுத்து இரண்டு மாதம் கழித்துத்தான் திரும்பப் போனோம். அவன் என்னிடம் ஒரு வார்த்தை கோபமாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் கனநாள் மனம் ஆறவில்லை. கடைசியில் வந்த ஒரே ஒரு ‘த்’ சத்தத்தை நான் விட்டது.

மாங்குளத்துப் பிள்ளை

அண்ணை, வாசிக்கவே கவலையாகக் கிடக்கு. ஆனால் ஒன்று விளங்கவில்லை. ‘சொல்’ என்ற வினைக்குப் பிறகு சப்ஜங்டிவ் வராது என்றுதான் ரீச்சர் சொன்னதாக எழுதி வைத்திருக்கிறேன்.

கொப்பிக்காரி

செய்தி சொல்வது வேறு, செய்யச் சொல்வது வேறு. தமிழில் எங்களுக்கு அது தானாகவே வரும், யோசிக்காமல் மாற்றுகிறோம்.

“காத்திருக்கிறார் என்று சொல்கிறார்”: செய்தி. பிரெஞ்சில் “இல் தி கில் அத்தான்”.
“அவரைக் காத்திருக்கச் சொல்லுங்கோ”: கட்டளை. பிரெஞ்சில் “தித் லுயி கில் அத்தாந்த்”.

தமிழ் ‘காத்திருக்கிறார்’, ‘காத்திருக்க’ என்று வினையையே மாற்றிவிடுகிறது. பிரெஞ்சு இரண்டுக்கும் ‘கெ’ என்ற ஒரே கொக்கியைப் போட்டுவிட்டு, நடந்த சங்கதியா நடக்க வேண்டிய சங்கதியா என்பதை வினையின் வாலில் சொல்கிறது. அண்ணையின் காது விட்டது அந்த வாலை. ‘ரெப்போந்த்ர்’ (பதில் சொல்), ‘வாந்த்ர்’ (வில்), ‘பெர்த்ர்’ (தொலை) எல்லாம் இதே குடும்பம். “இல் ரெப்போன்”, ஆனால் “கில் ரெப்போந்த்”.

எங்கே போடுவது என்று முதலில் கேட்டீர்கள். எங்கள் ஊர்ப் பேச்சில் ‘ஓணும்’ என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் முதல் திறப்பு. நான் கதைக்கோணும், நீ முடிக்கோணும், அவை காத்திருக்கோணும். ‘ஓணும்’ வருகிற இடமெல்லாம் “இல் ஃபோ கெ” போட்டுப் பாருங்கோ, பின்னால் சப்ஜங்டிவ் வரும். கவனித்தீர்களோ தெரியாது, தமிழிலும் அங்கே வினை ஆளுக்கு ஆள் மாறாது. நான் கதைக்கோணும், அவர் கதைக்கோணும், பிள்ளையள் கதைக்கோணும், எல்லாம் ஒரே ‘கதைக்க’ தான். பிரெஞ்சிலும் ஆறில் நாலு ஒரே ஒலி. எனக்கு இதைக் கண்டுபிடித்த அன்றைக்கு இருந்த சந்தோசம் இன்னும் இருக்கிறது.

இரண்டாவது திறப்பு ‘என்று’. “நான் கதைக்க விரும்புகிறேன்” என்பதில் என்று இல்லை, ஏனென்றால் விரும்புவதும் கதைப்பதும் ஒரே ஆள். பிரெஞ்சிலும் ‘கெ’ வராது, சப்ஜங்டிவ் வராது, “ஜெ வெ பார்லே” என்று மூல வினையைப் போட்டுவிட்டுப் போகலாம். “நீ முடிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்”, இங்கே ஆள் இரண்டு, என்று வந்துவிட்டது, “ஜெ வெ கெ த்யு ஃபினிஸ்”. தமிழில் ‘என்று’ தேடுகிற மனம் பிரெஞ்சில் ‘கெ’ தேடும்.

கனகராயன் ஆற்றங்கரை

நல்ல விளக்கம். ஆனால் நான் கொஞ்சம் மாறாகச் சொல்கிறேன். நான் அட்டவணையைத்தான் பாடமாக்கினேன், கதவிலும் குளியலறையிலும் ஒற்றையில் எழுதி ஒட்டி வைத்து. பி1 எழுத்துப் பகுதியில் 45 நிமிடத்தில் 160 சொல்லாவது எழுத வேண்டும். அந்த நேரத்தில் ‘அவர்கள் வடிவம் என்ன, ஈ-என்-டியை வெட்டு, ஈ ஒட்டு’ என்று யார் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பது? வாய்ப்பாடு மாதிரி ஓட வேண்டும். இன்னொன்று, எங்கே போடுவது என்று எனக்குச் சொல்லித் தந்தது சுலபம்: ஆசை, நம்பிக்கை, பயம், கவலை, மனதில் உள்ள எது வந்தாலும் சப்ஜங்டிவ்.

கொப்பிக்காரி

அண்ணா, வேகத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. விதி விளங்கிய பிறகு வாயில் ஓட விட வேண்டும், அதை நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். ஆனால் அட்டவணையில் மூன்று வினைதான் இருக்கும், சோதனையில் வருவது நாலாவது. பிரெஞ்சு வினைகளில் பத்துக்கு ஒன்பது பார்லே வகை என்று சொல்வார்கள், அத்தனையையும் எந்தக் கதவில் ஒட்டுவது?

உதாரணம் ‘எத்யுதியே’, படிப்பது. அவர்கள் படிக்கிறார்கள் என்பதில் ஈ-என்-டியை வெட்டினால் அடி ஐ என்ற எழுத்தில் முடிகிறது. நாங்கள் என்பதற்கு ஐ-ஓ-என்-எஸ் ஒட்ட வேண்டும். அப்போது ஐ இரண்டு தரம் வரும், ஒன்றன் பின் ஒன்றாக. பார்க்கப் பிழை மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் சரி. நீங்கள் என்பதற்கும் அப்படியே. ‘ஊப்லியே’, மறப்பது, அதற்கும் அப்படியே. அட்டவணையை மட்டும் நம்பிய பிள்ளை ஒரு ஐயை அழித்துவிடும். விதியை நம்பிய பிள்ளை இரண்டையும் துணிந்து எழுதும்.

மறுபக்கம் ‘மான்ஜே’, சாப்பிடுவது. நிகழ்காலத்தில் நாங்கள் சாப்பிடுகிறோம் என்று எழுதும்போது ஜி என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு ஈ சேர்க்க வேண்டும் என்று படித்திருப்பீர்கள், இல்லாவிட்டால் ஜ என்று ஒலிக்காது, க என்று மாறிவிடும். சப்ஜங்டிவில் அந்த ஈ தேவையில்லை. ஜிக்குப் பின்னால் ஐ வந்துவிடுகிறது, அதுவே ஜ ஒலியைக் காப்பாற்றும். ‘கோமான்சே’, தொடங்குவது, அதன் சி எழுத்துக்கு அடியில் போடும் கொக்கியும் இதே காரணத்தால் போய்விடும்.

கூப்பிடுவது, வாங்குவது மாதிரிச் சில வினைகளில் ‘அவர்கள்’ அடியும் ‘நாங்கள்’ அடியும் நிகழ்காலத்திலேயே கொஞ்சம் வேறு. அங்கே நாங்களுக்கும் நீங்களுக்கும் மட்டும் நிகழ்கால ‘நாங்கள்’ அடியை எடுங்கோ, மற்ற நாலுக்கும் ‘அவர்கள்’ அடி. கெ ஜாப்பெல், ஆனால் கெ நூசாப்லியோன்.

நம்பிக்கை விசயத்தில் மன்னிக்க வேண்டும், அது பிழை. விருப்பம், பயம், கவலை, சந்தோசம் எல்லாம் சரி. ஆனால் ‘எஸ்பெரே’, நம்பியிருப்பது, அதற்குச் சாதாரண வடிவம்தான். “ஜெஸ்பெர் கில் ஃபினிரா”, அவர் முடிப்பார் என்று நம்புகிறேன். தமிழிலேயே பாருங்கோ, முடிப்பார் என்று நம்புகிறேன் என்கிறோம், முடிக்கோணும் என்று நம்புகிறேன் என்று சொல்வதில்லை. நினைப்பதும் அப்படி: “ஜெ பான்ஸ் கெ” என்றால் சாதாரண வடிவம், “ஜெ நெ பான்ஸ் பா கெ”, நான் அப்படி நினைக்கவில்லை என்றால் சப்ஜங்டிவ். ‘அவான் கெ’ (முதல்) வந்தால் சப்ஜங்டிவ், ‘அப்ரெ கெ’ (பிறகு) வந்தால் இல்லை. நடந்து முடிந்ததற்கு ஆசையும் இல்லை, சந்தேகமும் இல்லை.

கனகராயன் ஆற்றங்கரை

‘எஸ்பெரே’ பற்றிச் சொன்னதற்கு நன்றி தங்கச்சி. என் கொப்பியில் பிழையாகத்தான் எழுதி வைத்திருக்கிறேன், இப்போதே வெட்டினேன். இரண்டு ஐ சங்கதி எனக்குப் புதிது.

ஓய்வு வாத்தியார்

பிள்ளைகள் கதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, மகள் அங்கே இருக்கிறாள் என்பதால் காதில் விழுந்தது மட்டும். புதுக்குடியிருப்புப் பக்கம் முப்பது வருசம் தமிழ் படிப்பித்தேன். ‘நாலு வடிவம் ஒரே ஒலி’ என்று படித்தவுடன் எனக்கு வியங்கோள் வினைமுற்று நினைவு வந்தது. வாழ்க, வருக, செல்க. க, இய, இயர் என்ற விகுதிகள். யான் வாழ்க, நீ வாழ்க, அவன் வாழ்க, அவர் வாழ்க, எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் ஒரே வடிவம் என்று நன்னூல் படித்த எவருக்கும் தெரியும். அது நடந்ததையும் சொல்லாது, நடக்கிறதையும் சொல்லாது. நடக்க வேண்டும் என்ற மனதைச் சொல்லும். பேரப்பிள்ளை தொலைபேசியில் “வீவ் லா ஃப்ரான்ஸ்” என்று கத்துவான். அந்த ‘வீவ்’ இதில் சேர்ந்ததா?

கொப்பிக்காரி

ஐயா, சேர்ந்ததேதான். ‘வீவ்ர்’, வாழ்வது. அவர்கள் வாழ்கிறார்கள் “இல் வீவ்”, ஈ-என்-டியை வெட்டி ஈ போட்டால் ‘வீவ்’. வாழ்க பிரான்ஸ். அந்த வினை ஒழுங்கான வகை இல்லை, ஆனாலும் இதே வழியால்தான் வருகிறது. இன்னொன்று முழுக்க ஒழுங்கானது: “கெ தியோ வூ பெனிஸ்”, கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக. ‘பெனீர்’ ஃபினீர் மாதிரியே நடக்கும் வினை. மடு மாதா கோயிலுக்குப் போகிற ஆட்களுக்கு இன்னும் கிட்ட வரும், “உமது ஆட்சி வருக” என்று செபத்தில் சொல்கிறோமே, பிரெஞ்சுச் செபத்தில் அது “கெ தோன் ரென் வியென்”. வருக, வியென். நான் ஓ.எல்.லுக்கு வியங்கோள் பாடமாக்கியபோது இதெல்லாம் எங்கேயோ போய் முட்டும் என்று தெரியாது.

ஒரு வித்தியாசம் மட்டும் சொல்கிறேன் ஐயா, பிள்ளைகள் குழம்பாமல் இருக்க. வியங்கோள் தனியே நிற்கும் முற்று. பிரெஞ்சு சப்ஜங்டிவ் அப்படித் தனியே நிற்பது குறைவு, பெரும்பாலும் இன்னொரு வினையின் பின்னால் ‘கெ’யைப் பிடித்துக்கொண்டுதான் வரும்.

ஓய்வு வாத்தியார்

விளங்குகிறது பிள்ளை. செய்யுளில் யான் வாழ்க என்பது வந்தாலும் பேச்சில் நாங்கள் சொல்வதில்லை, அது மாதிரி இடமும் பொருளும் பார்த்துத்தான். பேரனிடம் ‘வீவ்’ என்றால் என்ன என்று இன்று இரவு கேட்கப் போகிறேன்.

லாஷப்பல்காரன்

பிள்ளைக்கு ஒன்று சொல்ல வேண்டும், அவசரத்துக்கு இல்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். 2024 ஜனவரி 26ஆம் தேதியச் சட்டத்தால் மொழித் தரம் கூட்டப்பட்டது, 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. பல வருச வதிவிட அட்டைக்கு ஏ2, பத்து வருச வதிவிட அட்டைக்கு பி1, குடியுரிமைக்கு பி2. நாங்கள் வந்த காலத்தில் இப்படி இல்லை. சப்ஜங்டிவ் பி1இல் கேட்கிற சங்கதி, அதனால் இங்கே இருக்கும்போதே பிடித்துக்கொண்டு வருவது நல்லது. அங்கே வந்தால் வேலை, வீட்டுச் சாமான், பிள்ளை என்று நேரம் ஓடிவிடும்.

படிவம் நிரப்பும் இடத்தில் ஒரு காது வேலையும் உண்டு. “வூ ராம்ப்லிசே” என்றால் நீங்கள் நிரப்புகிறீர்கள். “இல் ஃபோ கெ வூ ராம்ப்லிசியே” என்றால் நீங்கள் நிரப்ப வேண்டும். அந்தச் சின்ன ‘இ’ சத்தம்தான் வித்தியாசம். அதை விட்டுச் சொன்னாலும் அவர்களுக்கு விளங்கும், ஆனால் முகத்தில் தெரியும்.

முத்தையன்கட்டுத் தம்பி

“கெ வூ ராம்ப்லிசியே” மாதிரியே ஒரு இறந்தகாலமும் இருக்கிறதே. ‘நீங்கள் அப்போது நிரப்பிக்கொண்டிருந்தீர்கள்’ என்பதற்கும் ‘வூ ராம்ப்லிசியே’ தானே? நான் போட்டுக் குழப்பிக்கொள்கிறேனா?

கொப்பிக்காரி

குழப்பவில்லை தம்பி, நல்ல கண். நாங்கள், நீங்கள் இரண்டுக்கும் ஒழுங்கான வினைகளில் அந்த இறந்தகாலமும் சப்ஜங்டிவும் எழுத்திலும் ஒலியிலும் ஒன்றே. முன்னால் “இல் ஃபோ கெ”, “ஜெ வெ கெ” மாதிரி எது நிற்கிறது என்று பார்த்துத்தான் பிரிப்பது. அந்த இறந்தகாலம் உனக்கு ஏற்கெனவே வாயில் வரும் என்றால் இந்த இரண்டு வடிவமும் இனாம்.

மாங்குளத்துப் பிள்ளை

நாலு நாளாக எழுதவில்லை, காலபோக அறுவடை, வீட்டில் எல்லாரும் வயலில். ஆனால் படிக்காமல் இருக்கவில்லை. பின்னேரத்தில் சுளகோடு இருந்து அரிசி புடைக்கும்போது சொல்லிப் பார்த்தேன், ஒரு தட்டுக்கு ஒரு சொல். இல் ஃபினி, கில் ஃபினிஸ். இல் ரெப்போன், கில் ரெப்போந்த். இல் அத்தான், கில் அத்தாந்த். சுளகின் சத்தத்தோடு கடைசி எழுத்து நல்லாக விழுகிறது. அம்மம்மா பக்கத்தில் வெற்றிலை இடித்துக்கொண்டு இருந்தவ, “என்னடி பிள்ளை, எந்த நேரமும் அத்தான் அத்தான் எண்டு” என்று கேட்டா. அவர் அங்கே காத்திருக்கிறார் என்று அர்த்தம் அம்மம்மா என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, “அந்தப் பாசையிலையும் அத்தான் எண்டால் காத்திருக்கிறதோ” என்றா. எனக்கு இனி அந்தச் சொல் சாகும்வரை மறக்காது.

சரி, என் சொந்தமாக ஆறு வசனம் கட்டியிருக்கிறேன். திருத்தித் தாருங்கள்.

1. இல் ஃபோ கெ ஜெ பார்ல் மியூ. (நான் இன்னும் நல்லாகக் கதைக்க வேண்டும்)
2. ஜெ வெ கில் ரெப்போந்த். (அவர் பதில் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்)
3. ஜெ வெ கெ ஜெ ரெயுசிஸ். (நான் சித்தியடைய விரும்புகிறேன்)
4. இல் ஃபோ கெ நூசெத்யுதியோன். (நாங்கள் படிக்க வேண்டும். எழுதும்போது இரண்டு ஐ போட்டேன்)
5. ஜெஸ்பெர் கில் அத்தாந்த். (அவர் காத்திருக்கிறார் என்று நம்புகிறேன்)
6. தித் லுயி கில் அத்தாந்த். (பரந்தன் அண்ணைக்காக)

கொப்பிக்காரி

ஒன்று, இரண்டு, நாலு, ஆறு, நாலும் சரி. அந்த இரண்டு ஐக்கு ஒரு பெரிய சரி போடுகிறேன்.

மூன்றில் விரும்புவதும் நீங்கள், சித்தியடைவதும் நீங்கள். உங்கள் தமிழ் வசனத்திலேயே ‘என்று’ இல்லை, பாருங்கோ. அப்படியென்றால் “ஜெ வெ ரெயுசீர்”, அவ்வளவுதான். முதல் வசனத்திலும் ஆள் நீங்கள்தானே என்று கேட்பீர்கள். அங்கே “இல் ஃபோ” என்பதன் ‘இல்’ ஒரு ஆளே இல்லை, அதனால் கெ ஜெ வரலாம்.

ஐந்தில் நம்புவது வந்துவிட்டது, அதனால் சப்ஜங்டிவ் வேண்டாம். கடைசி ‘த்’ ஊமையாகட்டும்.

மாங்குளத்துப் பிள்ளை

ஜெஸ்பெர் கில் அத்தான்.

கொப்பிக்காரி

சரி.

லாஷப்பல்காரன்

ஆறாவதை நான் வாசித்தேன் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை நான் திரும்பிப் போகிறேன். அந்தப் பொடியன் இப்போது பரிஸில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறான், போனதும் அவனுக்கு இந்த வசனத்தைச் சொல்லிக் காட்டுவேன், கடைசி எழுத்தோடு.